பறவைக்கும் பூச்சிக்கும் சேர்த்து ஒரே செட்டு: ஆர்10, 100-400, ஒரு ரேனாக்ஸ், ஒரு அலுமினியப் பட்டை

பறவையும் எடுக்கணும், பூச்சியும் எடுக்கணும். ரெண்டுக்கும் தனித்தனி லென்ஸ் வாங்க காசு இல்ல, அப்படியே வாங்குனாலும் ரெண்டையும் தூக்கிட்டு கண்மாய்க் கரையில நடக்க தோள்பட்டையில தெம்பு இல்ல. இந்த நிலைமையில வாங்குனது கேனான் ஆர்10 கேமரா (பாடி), ஆர்எஃப் 100-400 லென்ஸ், லென்ஸ் முன்னாடி மாட்டுற ரேனாக்ஸ்ங்கிற பெருக்குக் கண்ணாடி, அதை எப்படி ஒட்டு போட்டு வேலை செய்ய வச்சேன்னுதான் எழுதுறேன். கல்யாண போட்டோ, ரீல்ஸ் எடுக்கறவங்களுக்கு இதுல ஒண்ணுமில்ல, தாண்டிப் போயிருங்க.

முன்னாடி கையில இருந்தது நிக்கான் பி900. அந்த கேமராவை நான் குறை சொல்ல மாட்டேன், பறவை பேரெல்லாம் கத்துக்கிட்டதே அதுலதான். ஆனா டப்பாவுல போட்டிருக்கிற 2000 எம்எம்ங்கிறது ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சார்) கணக்குக்கு மாத்திச் சொல்ற நம்பர், லென்ஸோட உண்மையான ஃபோகல் லென்த் (தூரத்துல இருக்கிறதை எவ்வளவு இழுக்கும்ங்கிற அளவு) 357 எம்எம்தான். மீதி எல்லாம் சென்சார் ரொம்பச் சின்னதா இருக்கிறதால கிடைக்கிற பெருக்கம், அகலமே 6.2 எம்எம், சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் வரும். ஃபுல் ஜூம்ல எஃப் 6.5 வேற, எஃப் நம்பர் கூடக் கூட உள்ள வர்ற வெளிச்சம் கம்மி. நல்ல வெயில்ல அசையாம உக்காந்திருக்கிற மீன்கொத்தி பிரமாதமா வரும், அதே மீன்கொத்தி புங்க மரத்து நிழலுக்குள்ள போயிட்டா இறகுக் கோடெல்லாம் மெழுகிப் போயிரும், சரி பண்ணலாம்னா ரா ஃபைலும் (கேமரா சுருக்காம அப்படியே தர்ற ஃபைல்) கிடையாது. பறக்கிறதை எடுக்கிற பேச்சே வேண்டாம்.

சரி மாத்துவோம்னு கேட்டா, கேட்ட ஆளெல்லாம் சொன்னது ஒரே பதில், "600 எம்எம் வாங்குங்க, பறவைக்கு 600 இல்லாம முடியாது". கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கிற பங்காளி ஒருத்தர்கிட்ட சிக்மா 150-600 கன்டெம்பரரி சும்மா கிடந்துச்சு, முகூர்த்தம் இல்லாத வாரமா பாத்து கேட்டேன், "தூக்கிட்டுப் போ மாப்ள, தூக்க முடிஞ்சா"ன்னு சிரிச்சிக்கிட்டே பாடியோட சேர்த்துக் குடுத்தாரு. லென்ஸ் மட்டும் 1930 கிராம். சாமநத்தம் கண்மாய்க்குப் போனேன், மதுரைக்காரங்களுக்குத் தெரியும், அவனியாபுரம் தாண்டி. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கூட்டமா கூழைக்கடா, எல்லாம் வந்துச்சு, லென்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல, ஷார்ப்பாவே இருந்துச்சு. பிரச்சனை எங்க வந்துச்சுன்னா, கரையோர நாணல் நுனியில ஒரு செவப்புத் தட்டான் உக்காந்திருக்கு, கை நீட்டுனா தொட்டுரலாம், அதை எடுக்கணும்னா நான் பின்னாடி பின்னாடி நடக்க வேண்டியதாப் போச்சு, ஏன்னா அந்த லென்ஸுக்குக் குறைஞ்சபட்ச ஃபோகஸ் தூரம் 2.8 மீட்டர். அவ்வளவு தூரம் போய் எடுத்தா தட்டான் படத்துல பாதியைக்கூட தொடல.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து உக்காந்துதான் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்துல நான் பாக்கற வரிசையையே மாத்துனேன். பறவை மட்டும் எடுக்கிறவன் முதல்ல பாக்க வேண்டியது எத்தனை எம்எம், எஃப் எவ்வளவுன்னுதான். ஆனா பறவைக்குப் போற வழியில பூச்சி, பூச்சிக்குக் குனிஞ்சிருக்கிறப்ப தலைக்கு மேல பறவைன்னு அலையற ஆளுக்கு முதல்ல பாக்க வேண்டியது மேக்ஸிமம் மேக்னிஃபிகேஷன் (சென்சார்ல விழற பிம்பம் பொருளோட நிஜ சைஸுல எத்தனை பங்குன்னு சொல்ற நம்பர்), ரெண்டாவது எடை, எம்எம் மூணாவதுதான்னு எனக்குத் தோணுது.

மேக்னிஃபிகேஷன் கணக்கு ரொம்ப சிம்பிள்ங்க. கேனான் ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னது, நான் பாத்த கேனான் பாடி எல்லாத்துலயும் இதுதான்) அகலம் 22.3 எம்எம். அதை மேக்னிஃபிகேஷனால வகுத்தா எவ்வளவு அகலமான பொருள் ஃப்ரேமை நிரப்பும்னு வந்துரும். சிக்மா 150-600க்கு 0.2, அப்போ 111 எம்எம், அதாவது சாண்ல பாதி. ஒரு தட்டான் நாலு அஞ்சு சென்டிமீட்டர்தான். கேனான் ஆர்எஃப் 100-400 எஃப் 5.6-8 லென்ஸுக்கு 0.41, அப்போ 54 எம்எம், தட்டான் தலையில இருந்து வால் வரைக்கும் கச்சிதமா உள்ள உக்காரும். அதுவும் 400ல வச்சு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட தள்ளி நின்னே எடுக்கலாம், அதனால அது பறந்து போகாது. லென்ஸ் எடை 635 கிராம். இந்த ஒரு வரியில எனக்கு முடிவு ஆயிருச்சு, மத்ததெல்லாம் அதுக்கப்புறம் மனசைச் சமாதானம் பண்றதுக்குத்தான்.

சமாதானம் பண்ண வேண்டிய பெரிய விஷயம் அந்த எஃப் 8. சிக்மா 600ல எஃப் 6.3, பழைய கேனான் 400 எஃப் 5.6 பிரைம்ல (ஜூம் ஆகாத லென்ஸ்) 5.6. எஃப் 8ன்னா 5.6க்குக் கிடைக்கிற வெளிச்சத்துல பாதிதான், ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தைப் பெருக்கிக்கிற அளவு, ஏத்துனா புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும்) ரெண்டு மடங்கு ஏத்தணும். பழைய 400 பிரைம் நல்ல விலைக்கு செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குது, 1250 கிராம்தான், பறக்கிற பறவைக்கு இன்னைக்கும் சூப்பர் லென்ஸ், ஆனா கை ஆட்டத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் கிடையாது, கிட்ட ஃபோகஸ் 3.5 மீட்டர். ஆர்எஃப் 800 எஃப் 11 இருக்கு, 6 மீட்டருக்குள்ள எதுவும் ஃபோகஸே ஆகாது, பூச்சின்னு பேச்செடுக்க முடியாது. கேனானோட பழைய 100-400 எல் ரெண்டாவது வெர்ஷன் மட்டும்தான் உண்மையிலேயே போட்டி, 0.31 மேக்னிஃபிகேஷன், 0.98 மீட்டர், 400ல எஃப் 5.6, மழைத் தூறலும் தாங்கும், ஆனா ஒன்றரைக் கிலோவுக்கு மேல, அடாப்டர் தனி, விலையும் என் பட்ஜெட்டைத் தாண்டி நிக்குது. காசு இருந்தா யோசிக்காம அதை வாங்குங்க, நான் வாங்கல.

பாடிக்கு ஆர்50, ஆர்10, ஆர்7 மூணையும் பாத்தேன். மூணுலயும் பறவைக் கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் இருக்கு. ஆர்7 32.5 மெகாபிக்சல், பாடியிலயே ஸ்டெபிலைசேஷன், ஆனா அந்த வித்தியாசக் காசுக்கு லென்ஸ்ல பாதி வந்துரும். ஆர்50 குட்டி, 375 கிராம்தான், கிட்டத்தட்ட அதையே வாங்கியிருப்பேன், தடுத்தது ஃப்ளாஷ் மாட்டுற ஷூ. அதுல பழைய மாடல் அஞ்சு பின் ஃப்ளாஷ் எதையும் நேரா மாட்ட முடியாது, தனியா ஒரு அடாப்டர் வாங்கணும். ஆர்10ல நேரா மாட்டலாம், அதனால அதையே எடுத்தேன். பறவை எடுக்கிறவன் ஷூவைப் பத்தி கவலையே படமாட்டான், பூச்சி எடுக்கிறவனுக்கு அதுதான் உயிர். சோனி ஏ6700ல பூச்சிக்குன்னே ஒரு டிடெக்ஷன் மோட் இருக்கு, ஆசையாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்குப் பொருத்தமான 70-350ல மேக்னிஃபிகேஷன் 0.23தான், அதோட பாடி விலையைப் பாத்து மூடி வச்சுட்டேன்.

400 பத்துமாங்கிறதையும் வாங்குறதுக்கு முன்னாடி பேப்பர்ல போட்டுப் பாத்தேன். பச்சைப் பஞ்சுருட்டான் ஏறக்குறைய 18 செ.மீ. பத்து மீட்டர்ல கரண்ட் கம்பியில உக்காந்திருந்தா, 400 எம்எம்ல சென்சார்ல அது விழற நீளம் 7.2 எம்எம், ஆர்10ல அகலத்துக்கு 6000 பிக்சல், அப்போ பறவை மட்டுமே 1900 பிக்சலுக்கு மேல வருது. தாராளம். முப்பது மீட்டர்னா 640 பிக்சல், மொபைல்ல பாக்கலாம், பிரிண்ட் போட முடியாது. 600 இருந்தா இதுல ஒன்றரை மடங்கு கிடைக்கும், உண்மைதான். ஆனா நம்ம ஊர்ல காலை ஒன்பது மணிக்கு மேல தண்ணிக்கு மேலயும் பொட்டல்லயும் கானல் ஆட ஆரம்பிச்சிரும், அதுக்கப்புறம் அறுபது மீட்டர் தள்ளி இருக்கிற நாரையை எந்த லென்ஸ்ல எடுத்தாலும் தண்ணிக்குள்ள இருந்து பாத்த மாதிரிதான் வரும், எம்எம் கூடக் கூட அந்த ஆட்டமும் பெருசாத்தான் தெரியும். கிட்ட போறதுக்குப் பதிலா எம்எம் வாங்கலாம்னு நினைக்கிறது இங்க பாதி நேரம் செல்லாது.

லென்ஸ் செகண்ட் ஹேண்ட். வாங்கறப்ப பாத்தது: ரெண்டு பக்க மூடியையும் கழட்டி, மொபைல் டார்ச்சைப் பின்பக்கத்துல இருந்து சாய்வா அடிச்சு முன்பக்கம் வழியாப் பாக்கணும், நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. பூஞ்சை இருந்தா நூல் நூலா, சிலந்தி வலை கிளை விட்ட மாதிரி ஓரத்துல தெரியும். முதல்ல பாத்த லென்ஸ்ல அது இருந்துச்சு, வித்தவர் "அது தூசிங்க"ன்னு சாதிச்சாரு, நான் வணக்கம் வச்சுட்டு வந்துட்டேன். ரெண்டாவது லென்ஸ் சுத்தம். இந்த லென்ஸோட ஹுட்டை (முன்னாடி மாட்டுற வெயில் மறைப்பு) கம்பெனியே டப்பாவுல குடுக்காது, தனியா வாங்கணும், அதனால ஹுட் இல்லன்னு விக்கிறவரைச் சந்தேகப்படாதீங்க. வீட்டுல இப்ப காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், நூத்தி சொச்சம் ரூபாய் ஹைக்ரோமீட்டர் ஒண்ணு, ஈரப்பதத்தை 45 சதவீதம் பக்கத்துல வச்சுக்கறேன். ஐப்பசி கார்த்திகையில ஜெல்லை அடிக்கடி வாணலியில போட்டு வறுத்து எடுக்கணும்.

அடுத்தது ரேனாக்ஸ். 0.41ல தட்டான், வெந்தயவரியன் பட்டாம்பூச்சி எல்லாம் சரி, எறும்புக்குப் போகணும்னா பத்தாது. தனி மேக்ரோ லென்ஸுக்கு (சின்னதைப் பெருசா எடுக்கிறதுக்குன்னே உள்ள லென்ஸ்) பதிலா லென்ஸ் முன்னாடி மாட்டுற ரேனாக்ஸ் டிசிஆர்-150 வாங்குனேன், சக்தி 4.8 டயாப்டர். இதோட தம்பி 250ன்னு ஒண்ணு 8 டயாப்டர், எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க, ஆனா அது சின்ன லென்ஸ்களுக்கு. கணக்கு இப்படி: லென்ஸை இன்ஃபினிட்டில வச்சா, ஃபோகல் லென்த்தை மீட்டர்ல போட்டு டயாப்டரால பெருக்கணும். 0.4 பெருக்கல் 4.8, 1.92. கிட்டத்தட்ட உண்மையான சைஸுக்கு ரெண்டு மடங்கு, ஃப்ரேம் அகலம் பதினொண்ணரை எம்எம், ஒரு முசுறு எறும்பு நிரப்பிக்கிட்டு நிக்கும். 200ல வச்சா ஏறக்குறைய 1:1, அதாவது உண்மையான சைஸ். ஜூமைத் திருகுனாலே மேக்னிஃபிகேஷன் மாறுது, தனி மேக்ரோ லென்ஸ்ல கிடையாத வசதி இது. பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல 20 செ.மீ. கிடைக்கும், 250 போட்டிருந்தா 12 செ.மீ.தான், 400ல 3.2 மடங்கு, கையில பிடிச்சுக்கிட்டு எடுக்கிறது நடக்காத காரியம்.

ரேனாக்ஸோட வர்ற கிளிப் 52ல இருந்து 67 எம்எம் ஃபில்டர் சைஸ் வரைக்கும் பிடிக்கும், இந்த லென்ஸ் சரியா 67. ஆனா கிளிப் கடைசி அளவுல இழுத்துப் பிடிச்ச மாதிரிதான் நிக்குது, செடிக்குள்ள விட்டா கிளை தட்டி கழண்டு விழும்னு பயம், அதனால 67ல இருந்து 43க்கு இறக்குற ஸ்டெப் டவுன் ரிங் ஒண்ணு வாங்கி திருகி மாட்டிட்டேன், ரேனாக்ஸ் பின்பக்க மரை 43தான். பறவை வந்தா திருகிக் கழட்ட நேரம் ஆகும்ங்கிறது மட்டும் குறை. ஜூமைக் குறைச்சா மூலை கருக்கும், 200க்குக் கீழ நான் போறதில்ல.

இப்ப வெளிச்சம். ரெண்டு மடங்கு பெருக்கத்துல ஃபோகஸ் ஆழம் மில்லிமீட்டருக்கும் கம்மி, எஃப் 11க்காவது மூடணும், மூடுனா வெயில் பத்தாது, ஃப்ளாஷ் கட்டாயம். கோடாக்ஸ் டிடி350 சின்னது, ரெண்டு பென்சில் செல்லுல ஓடும். பிரச்சனை என்னன்னா இந்த லென்ஸ் 400க்கு ஜூம் பண்ணா முன்னாடி நல்லா நீண்டு வரும், கேமரா தலையில ஃப்ளாஷ் மாட்டுனா லென்ஸ் மேல பட்டு நிழல்தான் பூச்சி மேல விழும். மேக்ரோ லென்ஸுக்குன்னு விக்கிற டிஃப்யூஸர் (ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்குறது) எதுவும் இவ்வளவு தூரம் எட்டாது. லென்ஸுக்கு டிரைபாட் காலர் கிடையாது, அதுல எதையும் தொங்க விடவும் முடியாது.

அதனால பாடியோட அடிப்பக்க டிரைபாட் ஓட்டையில இருந்து ஒரு பட்டை கொண்டு போனேன். ஹார்டுவேர் கடையில முக்கால் இஞ்ச் அகலம், 3 எம்எம் கனத்துல அலுமினியப் பட்டை. அண்ணன் ஒருத்தர் கிரில் பட்டறை வச்சிருக்காரு, அவர்கிட்ட வைஸ்ல வச்சு வளைச்சுக்கிட்டேன், பாடிக்கு அடியில இடதுபக்கமாப் போய், லென்ஸுக்குப் பக்கத்துல முன்னாடி ஓடி, கடைசியில மேல திரும்பி நிக்கிற மாதிரி. "எதுக்குத் தம்பி இது, சைடு ஸ்டாண்டா?"ன்னு கேட்டாரு, எறும்புக்கு லைட் அடிக்கன்னு சொன்னதுக்கு வளைச்சதுக்கே காசு வாங்கல. திருகாணி விஷயம் தெரிஞ்சு வச்சுக்கங்க: கேமரா அடி மரை கால் இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை, நம்ம கடையில கேக்காமலே எடுத்துத் தர்ற கால் இஞ்ச் பிஎஸ்டபிள்யூ போல்ட்டும் அதே 20 மரைதான், பல்லோட கோணம்தான் லேசா வேற, இந்த அளவு இறுக்கத்துக்குப் பொருந்திரும். ஆனா நீளம் முக்கியம், அந்த ஓட்டை ஆழம் அஞ்சு மில்லிக்குக் கிட்டத்தான், நீள போல்ட்டைப் போட்டு முறுக்குனா கேமரா அடியைப் பேத்துரும், அதனால வாஷர் அடுக்கி வெளிய நாலரை மில்லி மட்டும் நீட்டுற மாதிரி வச்சு, பட்டைக்கும் பாடிக்கும் நடுவுல சைக்கிள் டியூப் துண்டு ஒண்ணு. பட்டை நுனியில ஃப்ளாஷ், அதுல இருந்து பாடியோட ஷூவுக்குச் சுருள் டிடிஎல் கார்டு (ஃப்ளாஷையும் கேமராவையும் இணைக்கிற ஒயர்). ஆர்50 வாங்காதது இங்கதான் உதவுச்சு.

டிஃப்யூஸர் வீட்டுல இருந்த அட்டைப் பெட்டியில. உள்பக்கம் சமையல் அலுமினியம் ஃபாயில், வாய்ப்பக்கம் ஏ4 தாள்ல பாதி அளவு. முதல்ல ஒரே ஒரு வெள்ளை ஃபோம் ஷீட், லேப்டாப் பேக்கிங்ல வர்றது, அதை மட்டும் ஒட்டிப் பாத்தப்ப எறும்புத் தலையில நடுவுல பளீர்னு ஒரு வெள்ளைப் புள்ளி, சுத்தி இருட்டு. ஏன்னா வெளிச்சம் ஷீட்டோட நடுவுல மட்டும் குத்துது, அந்த ஷீட் எப்படி இருக்கோ அப்படியேதான் பளபளப்பான பூச்சி உடம்புல பிரதிபலிக்கும். ஃப்ளாஷ் முகத்துக்கு நேரா ஒரு டிரேசிங் பேப்பர், அதுல இருந்து நாலு விரக்கடை தள்ளி ஃபோம் ஷீட், நடுவுல காலி இடம்னு மாத்துனதும் வெளிச்சம் ஷீட் முழுக்கப் பரவிருச்சு. சோதனைக்கு எறும்பெல்லாம் வேண்டாம், எவர்சில்வர் ஸ்பூனோட முதுகைப் போட்டோ எடுங்க, அதுல தெரியற வெள்ளைக் கட்டம் ஓரத்துல இருந்து ஓரம் ஒரே சீரா இருந்தா டிஃப்யூஸர் பாஸ். ஷீட் பூச்சிக்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவு மென்மை, பெருசு பண்றதைவிட கிட்ட கொண்டு போறது லாபம், ஆனா ரொம்ப கிட்ட வந்தா பூச்சி ஓடிரும், ஒரு சாண் இருந்தா பரவாயில்ல.

முதல் தடவையா இதை வெளிய எடுத்துட்டுப் போனது மாமரத்துக்கு, முசுறு கூடு கட்டியிருந்துச்சு. வரிசையா ஏறி இறங்கிட்டு இருக்கு, 400ல வச்சு, இன்ஃபினிட்டில லாக் பண்ணி, ஃபோகஸ் ரிங்கைத் தொடாம உடம்பை முன்னபின்ன ஆட்டித்தான் ஃபோகஸ் பிடிக்கணும். கழுத்துல ரெண்டு கடி வாங்குனேன், கடிச்ச இடத்துல புளிப்பு வாடை வரும், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் வரிசையை விட்டு ஒதுங்கி இலை ஓரத்துல நின்னு நின்னு போச்சு, நிறம் அதே செம்பழுப்பு, இடுப்பும் அதே மாதிரி ஒடுங்கி. ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பாத்தா மீசைன்னு நான் நினைச்சது மீசை இல்ல, தூக்கி ஆட்டிக்கிட்டிருக்கிற முன்னங்கால் ரெண்டு. கால் எண்ணுனா எட்டு. முன்பக்கம் ரெண்டு உருண்டைக் கண்ணு, அதுல என் டிஃப்யூஸரோட வெள்ளைக் கட்டம் தெளிவா விழுந்திருக்கு. முசுறு மாதிரியே வேஷம் கட்டுன குதிக்கும் சிலந்தி. நிஜ முசுறு கிட்ட வந்ததும் இலைக்கு அடியில நூல் விட்டு இறங்கிருச்சு. வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க, வருஷக் கணக்கா அந்த மரத்துக்குக் கீழ உக்காந்து மாங்கா தின்னுருக்கேன்.

செட்டிங் சுருக்கமா. டயல்ல சி1 பறவை: மேனுவல், ஷட்டர் 1/2000, எஃப் 8, ஐஎஸ்ஓ ஆட்டோ 6400 வரைக்கும், அனிமல் டிடெக்ஷன், மெக்கானிக்கல் ஷட்டர் (எலக்ட்ரானிக்ல 23 ஃப்ரேம் வரும்னு ஆசைப்படாதீங்க, சிறகடிக்கிறப்ப இறக்கை வளைஞ்சு நெளிஞ்சு வரும், மெக்கானிக்கல் 15 போதும்). சி2 பூச்சி: 1/200, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் மேனுவல்ல எட்டுல ஒரு பங்கு, தேவைக்கு ஏத்தி இறக்கு. கை ஆடுறதைப் பத்திக் கவலை வேண்டாம், ஃப்ளாஷ் குறைஞ்ச பவர்ல மின்னற நேரம் ரொம்பக் கொஞ்சம், அதுவே உறைய வச்சிரும். பின்னணி கருப்பா வர்றது பிடிக்கலன்னா ஐஎஸ்ஓ 800 வரைக்கும் ஏத்துங்க, இல்ல கூட வர்றவங்களைப் பின்னாடி ஒரு இலையைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. பூச்சியை ஃப்ரிட்ஜ்ல வச்சு மயங்க வச்சு எடுக்கிற ஆளுங்க இருக்காங்க, காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சா அதுவே குளிர்ல அசையாமத்தான் இருக்கும், அந்த வேலை தேவையே இல்ல.

எங்க பத்தாதுன்னும் சொல்லிடறேன். அரிட்டாபட்டி, டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் 2025 ஜனவரியில ரத்தாச்சே, அதே மலைதான், 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. அங்க பாறை இடுக்குல லகடு வல்லூறு உக்காரும். கீழ இருந்து 150 மீட்டர்னு வச்சா, 45 செ.மீ. பறவை சென்சார்ல 1.2 எம்எம், மொத்தமே 320 பிக்சல். வல்லூறுன்னு அடையாளம் சொல்லலாம், படம்னு சொல்ல முடியாது. அந்த மாதிரி இடத்துக்கு 600 இருந்தாலும் 500 பிக்சல்தான், அங்க நான் கேமராவைப் பையில வச்சிட்டு பைனாகுலர்ல பாக்கறேன். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல எஃப் 8 கஷ்டம், ஐஎஸ்ஓ 6400ஐத் தொட்டுரும், ரா எடுத்து நாய்ஸ் குறைக்கிற சாஃப்ட்வேர்ல போட்டாத்தான் தேறுது. லென்ஸுக்கு வெதர் சீலிங் இல்ல, தூறல் விழுந்தா பால் கவரைக் கிழிச்சு சுத்திக்கிட்டு ஓடணும்.

பட்டையோட இப்ப இருக்கிற ஒரே தொல்லை, ஒரு போல்ட்டுல மட்டும் நிக்கிறதால ஃப்ளாஷ் கனத்துக்கு லேசா சுத்திக்குது. பாடியோட முன்விளிம்புல தட்டி நிக்கிற மாதிரி ஒரு சின்ன எல் ஆங்கிள் ரிவெட் அடிக்கணும், அண்ணன் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காரு. யாராவது இதே லென்ஸுக்கு கேமரா தலையிலயே ஃப்ளாஷ் வச்சு, நீளமா குழாய் மாதிரி செஞ்சு வெளிச்சத்தை முன்னாடி கொண்டு வந்திருந்தா அளவு சொல்லுங்க, பட்டையைக் கழட்டிட்டு அதையும் செஞ்சு பாக்கறேன்.